குஞ்சலம் கட்டிய சூரை

எங்கள் வீட்டில் மீன் என்றால் அது ராசி, என்னுடைய ராசி. வேறு எந்த வடிவத்திலும் மீன் எங்கள் வாசற்படியைத் தாண்டியது கிடையாது. மேற்கு மாம்பலத்தில் சந்துக்குள் சந்தாகப் போகும் எங்கள் குடியிருப்பில் சில நாட்களில் வெங்காயத்துக்கே அனுமதி இல்லை. அப்படிப்பட்ட வீட்டின் பரணில், கொலு பொம்மைப் பெட்டிகளுக்குப் பின்னால், சூரை பிடிக்கிற தூண்டில் கழி ஒன்று பழைய வேட்டியைச் சுற்றிக்கொண்டு படுத்திருக்கிறது. சூரை என்றால், டப்பாவில் அடைத்து டூனா என்று விற்கிறார்களே, அந்த மீன். கரைப்பக்கம் வராது. மெரினா லைட் ஹவுஸ் கண்ணுக்கு மறைந்து, தண்ணீர் பச்சையிலிருந்து நீலமாகி, நீலமும் போய் மசியைக் கொட்டினாற்போல ஆன பிறகுதான் அதன் ஊர் ஆரம்பம்.

சைவம் சாப்பிடுகிறவனுக்கு இது எதற்கு என்று கேட்பவர்களிடம் சொல்ல என்னிடம் நேர்மையான பதில் ஒன்று உண்டு. நான் மீன் பிடித்ததே இல்லை. கடலுக்குப் போயிருக்கிறேன். கழியைப் பிடித்திருக்கிறேன். வயிற்றைப் பிடித்திருக்கிறேன். என் கழியால் இதுவரை ஒரு மீனுக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை.

இந்தப் பைத்தியம் பிடித்தது கடையில் வைத்துத்தான். தி.நகரில் எனக்கு ஒரு சின்ன மூக்குக்கண்ணாடிக் கடை. ஒரு நாள் மத்தியானம், வெயிலில் வெந்த முகத்தோடு ஒருவர் உள்ளே வந்தார். நொச்சிக்குப்பத்தில் சொந்தமாக ஃபைபர் படகு வைத்திருப்பவர். தண்ணீரில் பட்டுத் தெறிக்கிற வெயில் கண்ணைக் கூசுகிறது என்றார். நான் கூச்சத்தை அடக்கும் கறுப்புக் கண்ணாடி ஒன்றை எடுத்து வைத்து, என் வழக்கமான பிரசங்கத்தை ஆரம்பித்தேன். இதைப் போட்டால் மேலே பளபளப்பு மறைந்துவிடும், தண்ணீருக்குள் ஓடுகிற மீன் அப்படியே தெரியும், இத்யாதி.

"நீ போட்டுப் பாத்துகீறியா?" என்றார்.

"நானா? எனக்கு எதுக்குங்க?"

"பாக்காமயேவா இவ்ளோ சொல்ற? ஞாயித்துக்கெழம வா நைனா. பாக்கலாம்."

போனேன். அன்று தண்ணீருக்குள் எனக்குத் தெரிந்தது, காலையில் நான் சாப்பிட்ட இட்லி. ஆனால் திரும்பி வரும்போது எங்கோ தூரத்தில் ஒரு கூட்டம் சூரை தண்ணீரைக் கிழித்துக்கொண்டு துள்ளியது. கண்ணாடிக் கடைக்காரன் கண் அதற்குப் பிறகு கடையில் நிற்கவில்லை. அவரை நான் தலைவரே என்று கூப்பிட ஆரம்பித்தேன். அவர் என்னைக் கண்ணாடி என்று கூப்பிட ஆரம்பித்தார். இன்றுவரை அப்படித்தான்.

பிறகு ராத்திரி பகல் பாராமல் காணொளிகள் பார்த்தேன். கழி வந்தது. தங்கமுலாம் பூசினாற்போல மின்னும் ரீல் வந்தது. கழியின் அடிப்பக்கத்தை ஊன்றிக்கொள்ள இடுப்புப் பட்டை வந்தது. அதைக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றபோது, பாதி வேஷம் கட்டி முடித்த தெருக்கூத்துக்காரன் மாதிரி இருந்தேன். பொய் இரைகள் வந்தன. அதில் என் செல்லம், ரோஸ் நிறத்தில் கண் வைத்து, கீழே இழை இழையாகத் தொங்குகிற ஒரு ரப்பர் கணவாய். அதைப் படகுக்குக் கொண்டுபோன முதல் நாளே தலைவர் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இன்னா கண்ணாடி, சடங்கு வூட்டுல எந்தப் பொண்ணு ஜடையில இருந்து இந்தக் குஞ்சலத்த அவுத்துக்கினு வந்த?"

அதற்குப் பிறகு அதன் பெயர் குஞ்சலம்தான்.

பயிற்சிக்கு எங்கள் மொட்டை மாடி. ஒரு காலை வேளையில் கழியைச் சுழற்றி வீசினேன். குஞ்சலம் தெருவைத் தாண்டிப் போய், எதிர் மாடிக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த ஒன்பது கஜப் புடவையைக் கவ்விக்கொண்டது. காற்று வேறு. கழி வளைந்த வளைவும் ரீல் கத்திய கத்தலும் காணொளியில் பார்த்தது போலவே இருந்தன. அந்தக் கழியில் மாட்டிய பெரிய உருப்படி இன்றைக்கும் அதுதான். எதிர்வீட்டு மாமியிடம் புடவையை மடித்துக் கொடுத்துவிட்டு வந்த என் மனைவி, நிதானமாகக் கேட்டாள்:

"ஏன்னா, மீன் சாப்பிடறதும் இல்லை, விக்கறதும் இல்லை. புடவைதான் பிடிக்கணும்னா ரங்கநாதன் தெரு உங்க கடைக்குப் போற வழியிலதானே இருக்கு?"

பதில் சொல்லத் தெரியாத கேள்விகளுக்கு நான் இருமுவது வழக்கம். இருமினேன்.

போன வைகாசியில் தலைவரின் மகளுக்கு ஏழாம் மாதம். அவர்கள் வழக்கப்படி, வளைகாப்புக்கு முதல் நாள் சாயங்காலம் பெண்ணைப் பெற்றவர்கள் சீரோடு மாப்பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டும். பழத் தட்டு, பூத் தட்டு, வளையல் தட்டு எல்லாம் உண்டு. நடுத் தட்டு மட்டும் மீனுக்கு. அது தகப்பன் தன் கையால் பிடித்த மீனாக இருக்க வேண்டும்.

அந்த நடுத் தட்டில்தான் வம்பே. மகளின் கல்யாணம் மழைக்காலத்தில் நடந்தது. புயல் எச்சரிக்கை. படகுகள் எல்லாம் கரையில் குப்புறக் கிடந்தன. வேறு வழியில்லாமல் மீனை வெளியே வாங்கித்தான் கல்யாணச் சீரில் வைத்தார்கள். சம்பந்தி அம்மாள் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, நாலு பேர் காதில் விழும்படி ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்: "கடல வாசல்ல வச்சிக்கினு, வாங்குன மீனப் போட்டுப் பொண்ண அனுப்புறாங்க பாரு."

தலைவரின் மனைவியை நான் அக்கா என்பேன். குப்பத்துச் சாலையோரம் மீன் விற்பவர். நாள் முழுக்க எத்தனையோ பேர் அவர் மீனைக் கிள்ளிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டுப் போவார்கள். எதையும் காதில் வாங்கமாட்டார். இந்த ஒரு வார்த்தை மட்டும் தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது. மகளைப் பார்க்கப் போனால்கூட அந்த வீட்டில் தண்ணீர் குடித்துவிட்டு உடனே எழுந்துவிடுவார்.

"இந்த வாட்டி அந்தம்மா கண்ணு முன்னாடி மீன வைக்கணும்," என்றார் என்னிடம். "வஞ்சிரம் வவ்வால்லாம் எவன் வோணா வாங்கியாருவான். சூரை. முழுசா. எம் பொண்ணு சின்னதுல சூரைன்னா உசுர வுடும். அவ அப்பன் புடிச்சதுன்னு அந்தம்மாவே வாயால சொல்லணும். அப்பத்தான் நான் அந்த வூட்டுல கை நனைப்பேன்."

அவ்வளவு முக்கியமான நாளில் என்னை ஏன் கூட்டிப்போனார்கள் என்று நியாயமாகவே கேட்கலாம். வழக்கமாக வருகிற ஆளுக்குக் காய்ச்சல். தலைவரும் அவருடைய மச்சானும், அதாவது அக்காவின் தம்பியும், இரண்டு பேராகப் போவது சிரமம்.

"மீனு புடிக்க வோணாம் கண்ணாடி," என்றார் தலைவர். "பின்னால ஓரமா குந்திக்கினு, உள்ள வர்ற தண்ணிய மொண்டு ஊத்து. போதும்."

"இன்னொண்ணு தம்பி," என்றார் அக்கா. "வாயத் தொறக்காத."

வீட்டில் சாப்பாடு கட்டினார்கள். முந்தைய தடவை என் தயிர் சாதம் வெயிலில் புளித்து, கடையில் இரண்டு நாள் கண்ணாடியைவிடக் கழிவறையை அதிகம் பார்த்திருந்தேன். அதனால் என் மனைவி இந்த முறை பரிதாபப்பட்டு, கோயிலைத் தவிர வேறெங்கும் விடாத நீலப் பெட்டியை இறக்கினாள். சூடு புகாத பெரிய பெட்டி. பிரதோஷத்துக்குப் பிரதோஷம் எங்கள் தெருப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து திருவான்மியூர் மருந்தீஸ்வரர் கோயிலுக்கு அபிஷேகப் பால் எடுத்துப் போவார்கள். தெருவின் மொத்தப் பாலும் ஐஸோடு அந்தப் பெட்டிக்குள்தான் போகும்.

"இது எப்படிப் போறதோ அப்படியே திரும்பி வரணும்," என்றாள். "நாளன்னிக்குப் பிரதோஷம். மீன் காத்துகூட இதுல படப்படாது, சொல்லிட்டேன்."

நடுக்கடலில் மீன் காற்று படாமல் ஒரு பெட்டியை வைத்திருப்பது எப்படி என்று நான் கேட்கவில்லை. கல்யாணம் ஆனவன் கேட்கக் கூடாத கேள்விகளில் அதுவும் ஒன்று. உள்ளே இரண்டு எவர்சில்வர் டப்பாவில் தயிர் சாதம், சின்னக் கிண்ணத்தில் மாவடு, சுற்றிலும் ஐஸ். ஒரு படைக்குப் போதும்.

விடிகிற நேரத்தில் படகைத் தள்ளினோம். எஞ்சினுக்குக் கற்பூரம் காட்டியாயிற்று. எலுமிச்சம்பழம் நசுக்கியாயிற்று. எல்லாரும் மௌனமாக இருந்த அந்த நல்ல வேளையில், பேச்சுக்கு என்று நான் கேட்டேன்:

"எங்க தலைவரே போறோம்? எந்தப் பக்கம்?"

மச்சான் தள்ளுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கடலுக்குப் போகிறவரை எங்கே என்று கேட்கக் கூடாது. எல்லாரும் கரையேறி, உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு வாய் தண்ணீர் குடித்து, மறுபடி முதலிலிருந்து தள்ளினோம். அக்கா மணலில் நின்றபடி தன் உதட்டின் மேல் விரலை வைத்து எனக்குக் காட்டினார்.

வெயில் ஏறிக்கொண்டே போனது. தலைவரின் தூண்டில் என் தூண்டில் மாதிரி அலங்காரம் இல்லாதது. கட்டையில் சுற்றிய தடித்த நைலான் தங்கூசி நரம்பு, நுனியில் பெரிய முள், முள்ளைச் சுற்றி ஜிகினாத் துணி. படகு ஓட ஓட அது பின்னால் இழுபட்டு வரும். ஜிகினாவை ஓடுகிற சின்ன மீன் என்று நினைத்துச் சூரை பாய வேண்டும். பாயவில்லை. நானும் என் கழியில் குஞ்சலத்தைக் கட்டி ஒரு ஓரத்தில் நீட்டியிருந்தேன். தலைவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அன்றைக்கு அவர் எதையும் வேண்டாம் என்று சொல்கிற நிலைமையில் இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திடீரென்று மச்சான் கையை நீட்டினார். தூரத்தில் ஆலாப் பறவைகள் கூட்டமாக விழுந்து விழுந்து எழுந்தன. அவற்றுக்குக் கீழே கோலா மீன்கள் வெள்ளிக் காசை விசிறினாற்போலத் தண்ணீரைவிட்டு வெளியே பறந்தன. எதற்கோ பயந்துதானே பறக்கும்? அந்த எதுவோதான் சூரை.

படகு அந்தப் பக்கம் திரும்பியதும் முதலில் கத்தியது என் ரீல். என் வாழ்க்கையின் முதல் மீன். காணொளியில் சொன்னதெல்லாம் மண்டைக்குள் ஒரே நேரத்தில் ஓடியது. திருகை இறுக்க வேண்டும் என்று தெரியும். எந்தப் பக்கம் என்றுதான் தெரியவில்லை. நான் திருகிய திருகில் ரீல் பம்பரமாகச் சுழன்றது. நரம்பு வட்டம் வட்டமாக வெளியே வந்து, என் மடியில் பந்தாகக் குவிந்து, முடிச்சாகி நின்றது. மீன் குஞ்சலத்தைத் துப்பிவிட்டுப் போயே போய்விட்டது.

மச்சான் திரும்பிப் பார்த்தார். "இடியாப்பம் ரெடி. தேங்காப்பாலு எடுத்தாந்தியா கண்ணாடி?"

தலைவர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. தன் நரம்பைச் சுருட்டி எடுத்தார். ஏதோ ஒரு பல்லுள்ள மீன் ஜிகினாவைக் கத்தரித்துக்கொண்டு போயிருந்தது. மொட்டை முள்தான் வந்தது. பறவைக் கூட்டம் நகர்ந்துகொண்டிருந்தது. அவர் என் மடியில் கிடந்த சிக்கலுக்குள் கையை விட்டு, குஞ்சலத்தை மட்டும் உருவி எடுத்தார்.

"இத்த நான் எடுத்துக்கவா?"

எத்தனை தடவை கிண்டல் பண்ணியிருப்பார் அதை. இப்போது கேட்டது வேறு குரல். நான் தலையை மட்டும் ஆட்டினேன். தன் முள்ளில் அதை மாட்டி, இரண்டு விரலில் சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிக்கொண்டு, நரம்பைக் கடலில் விட்டார். படகு பறவைகளின் ஓரமாக ஒரு வட்டம் போட்டது.

நரம்பு விண்ணென்று நின்றது. தலைவரின் தோள் முன்னால் போய்த் திரும்பி வந்தது. சைக்கிள் டியூப் கிரீச்சிட்டது. இழுப்பார், விடுவார், இழுப்பார், விடுவார். மீன் படகுக்கு அடியில் போய்விட்டது. நரம்பு எஞ்சினில் உரசினால் அறுந்துவிடும். அப்போது, கடையில் நான் வருஷக்கணக்காகச் செய்த பிரசங்கத்தைக் கடவுள் மெய்யாக்கினார். என் கறுப்புக் கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தேன். பளபளப்பு மறைந்து, தண்ணீருக்குள் மஞ்சள் துடுப்போடு ஒரு உருவம் திரும்புவது தெளிவாகத் தெரிந்தது.

"தலைவரே, எடது பக்கம்! எடது பக்கம் வருது! எஞ்சின் பக்கம் போகுது!"

மச்சான் எஞ்சினைத் தூக்கினார். தலைவர் நரம்பை அந்தப் பக்கம் மாற்றினார். மீன் சுற்றிக்கொண்டு மேலே வந்தது. முதுகு கருநீலம், வயிறு வெள்ளி, நடுவில் ஒரு தங்கக் கோடு. உயிரோடு பார்த்தபோது நான் கை கூப்பிவிட்டேன். மீனுக்காகவா தலைவருக்காகவா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டுக்குமாகத்தான் இருக்கும்.

இங்கே கதை முடிந்திருந்தால் என்னை எல்லாரும் பாராட்டியிருப்பார்கள். ஆனால் நான் உதவி செய்ய எழுந்தேன். மச்சான் கொக்கியைப் போட்டு மீனை உள்ளே இழுத்த அதே நொடியில், நான் பின்னால் ஒரு அடி வைத்து, கால் வழுக்கி, உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடம் தலைவரின் தெர்மகோல் ஐஸ் பெட்டி. என் எடையை இங்கே எழுதப்போவதில்லை. பெட்டி நாலாகப் பிளந்தது. ஐஸ் எல்லாம் படகின் அடியில் பெட்ரோல் மிதக்கிற தண்ணீரில் விழுந்து கரைய ஆரம்பித்தது.

தலைவர் மீனை அடித்து, ரத்தம் வடியவிட்டு, கடல் தண்ணீரில் கழுவினார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் போய்விட்டது.

"கரை எம்மா தூரம் கீது தெரியுமா?" என்றார், யாரிடமும் இல்லாமல். "சூரை வெயில்ல கெடந்தா வெஷம் மாதிரி. துன்னா நாக்கு அரிக்கும், ஒடம்பு தடிச்சிப்புடும். புள்ளத்தாச்சிப் பொண்ணுக்கு எப்டிக் குடுக்கறது?"

மச்சான் முகவாயால் நீலப் பெட்டியைக் காட்டினார். அதன் பிரதோஷக் கதையைக் காலையிலேயே எல்லாரிடமும் சொல்லியிருந்தேன்.

"ஏய், அத்தப் பாக்காத," என்று தலைவர் அதட்டினார். "சாமிக்குப் பாலு போற பொட்டி. பாவத்த எவன் சொமக்கறது?" ஈரச் சாக்கை எடுத்து மீன் மேல் போர்த்தினார். அந்தச் சாக்கு அப்போதே காயத் தொடங்கியிருந்தது.

நான் மருந்தீஸ்வரரோடு கொஞ்சம் பேச வேண்டியிருந்தது. சுவாமி, ஊரெல்லாம் உம்மை வைத்தியர் என்கிறார்கள். ஒரு கர்ப்பிணிக்கு நாக்கு அரிக்கக் கூடாது என்பதில் உமக்கும் அக்கறை இருக்கும். பால் உம்முடையது, அதை நான் தொடவில்லை. பெட்டி எங்கள் வீட்டுப் பெட்டி. எங்கள் வீட்டில் உமக்குப் பயப்படுகிறவர்கள் குறைவு. என் மனைவிக்குப் பயப்படுகிறவன் நான் ஒருவன். அந்தப் பாரத்தை நானே சுமந்துகொள்கிறேன்.

அவர் மறுப்பு எதுவும் சொல்லவில்லை. பெட்டியைத் திறந்தேன்.

"கண்ணாடி, வோணாம். ஒன் வூட்டுல சோறு போட மாட்டாங்க."

"உங்க வூட்டுல போட மாட்டீங்களா?"

"எங்க வூட்டுல மீனுதான் கீது."

"அப்ப பட்டினிதான்," என்று சொல்லி, டப்பாக்களை ஓரமாக ஒதுக்கினேன்.

மீன் குறுக்காகப் படுத்தும் வால் வெளியே நின்றது. வாலுக்கு என் துண்டைச் சுற்றினோம். ஐஸை அள்ளி மேலே போட்டோம். அந்த மீனோடு ஒரே வீட்டில் குடியிருந்த தயிர் சாதத்தைத் தின்ன எனக்கு மனம் வரவில்லை. அது டப்பாவுக்குள்ளேயே குளிர்ந்துகொண்டிருந்தது. மச்சான் மீனின் வாயிலிருந்து முள்ளைக் கழற்றப் போனார்.

"அத்தக் கழட்டாத," என்றார் தலைவர். "அப்டியே இருக்கட்டும்."

கரையில் அக்கா பெட்டியைத் திறந்தார். செவுளைத் தூக்கிப் பார்த்தார், ரத்தச் சிவப்பு. கண்ணை விரலால் அழுத்திப் பார்த்தார். மீனைத் தொட்டுத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்புறம்தான் பெட்டியைக் கவனித்தார். என் வீட்டுப் பிரதோஷக் கதை அவருக்கும் தெரியும்.

"தம்பி, இந்தப் பொட்டி..."

"அக்கா, என்ன வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கீங்க."

சாயங்காலம் குட்டி யானை வண்டியில் சீர் கிளம்பியது. பெட்டியை விட்டுப் போக முடியாமல் நானும் ஏறிக்கொண்டேன். மாப்பிள்ளை வீடு பெரும்பாக்கத்தில். அடையாற்றங்கரையில் இருந்த குடும்பம். அங்கிருந்த வீடுகளை அரசாங்கம் அகற்றியபோது இங்கே அடுக்குமாடிக்கு வந்தவர்கள். கீழே சின்னப் பந்தல் போட்டிருந்தார்கள். சம்பந்தி அம்மாள் நாலைந்து பெண்களோடு நின்றிருந்தார். நான் ஒரு ராட்சசியை எதிர்பார்த்தேன். மூட்டு வலியோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு மனுஷிதான் இருந்தார்.

அக்கா பெட்டியிலிருந்து மீனை எடுத்து நடுத் தட்டில் வைத்தார். வால் தட்டுக்கு வெளியே தொங்கியது. சம்பந்தி அம்மாள் குனிந்து பார்த்தார்.

"எங்க வாங்குனீங்க?"

பழத் தட்டு வைத்திருந்த பெண்கூட அசையவில்லை. அக்காவின் கழுத்து நரம்பு புடைத்தது. ஆனால் குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"அது வாயத் தொறந்து பாரு சம்பந்தி."

அந்த அம்மாள் மீனின் வாயைத் திறந்தார். முள்ளும், அறுத்த நரம்பும், ரோஸ் நிறத்தில் இழை இழையாக என் ரப்பர் கணவாயும் வெளியே வந்து விழுந்தன.

"இது இன்னாதிது? குஞ்சலமா?"

"முள்ளு என்து," என்றார் தலைவர். "குஞ்சலம் இவுரு குட்த்தது."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஜடை இல்லாத, ஜடைக்கு முடியும் இல்லாத என் தலையைப் பார்த்தார்கள். முதலில் சிரித்தது சம்பந்தி அம்மாள்தான். "மீனுக்கும் சடங்கு சுத்திட்டீங்களாய்யா!" என்று கையைத் தட்டினார். சிரிப்பு அடங்கியதும் மீனின் முதுகை மெதுவாகத் தடவினார்.

"ஆத்தங்கரையில இருக்கசொல்லோ இந்த மாதிரி மீனு வாசலுக்கே வரும். இங்க வந்து கண்ணால பாக்கல," என்றார். பிறகு மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "ஏய், எல்லாரும் வந்து பாருங்கடி! எங்க சம்பந்தி கடல்ல போயி தன் கையால புடிச்சாந்த மீனு!"

தன் கையால என்பதை அவர் அழுத்திச் சொன்னது எனக்கே கேட்டது. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ரொம்பப் புழுக்கம் என்று தானாகவே சொன்னார். காற்று நன்றாகத்தான் வீசிக்கொண்டிருந்தது.

அப்போது மகள் இறங்கி வந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஆசையாக அம்மாவிடம் வந்தவள், தட்டைப் பார்த்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"யம்மா! அத்த மூடு! மூடும்மா!"

ஓடிப்போய்ச் சுவரோரமாகக் குனிந்தாள். திரும்பி வந்து கண்ணைத் துடைத்தபடி சொன்னாள். உண்டானதிலிருந்தே மீன் வாடை ஆகவில்லையாம். மீன்காரம்மா பெண் இப்படிச் சொன்னால் ஊரே சிரிக்கும் என்று அம்மாவிடம் மறைத்திருக்கிறாள். எதைத் தின்றாலும் குமட்டுகிறதாம்.

அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தேன். மகளும் அதையே பார்த்தாள்.

"அந்த டப்பாவுல இன்னா?"

"தயிர் சாதம்மா. மாவடு இருக்கு."

டப்பாவை வாங்கி, வெளியே ஒட்டியிருந்த ஐஸ் தண்ணீரைக் குழாயடியில் கழுவிவிட்டு, நின்றபடியே தின்ன ஆரம்பித்தாள். முதல் டப்பா முடிந்து இரண்டாவது டப்பா. மாவடுவைக் கடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"கடல் மொத்தம் சுத்தி, கடைசில நாங்க எடுத்தாந்தது தயிர் சோறா?" என்றார் அக்கா.

"துன்னட்டும் வுடு," என்றார் தலைவர். மகளுக்கு எதிரே தரையில் குந்திக்கொண்டு, அவள் கை வாய்க்குப் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். மீனைச் சம்பந்தி அம்மாள் குழம்பு வைத்தார். அக்கா அந்த வீட்டில் கை நனைத்து, இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பெட்டியை அக்கா புளி, சாம்பல், மஞ்சள் எல்லாம் போட்டுத் தேய்த்துக் கொடுத்தார். ஆட்டோவில் வரும்போது நான் மூன்று பொய் தயார் செய்தேன். மூன்றும் நன்றாகவே இருந்தன. என் மனைவி மூடியைத் திறந்து மூக்கைச் சுருக்கியதும் மூன்றும் மறந்துபோய், உண்மை வந்துவிட்டது. அதுவும் முதலிலிருந்து கடைசிவரை.

அவள் மூடியைத் திரும்ப மூடினாள். பிறகு கேட்டாள்:

"ரெண்டு டப்பாவுமா சாப்ட்டா?"

"ரெண்டும். வழிச்சு."

"மாவடு?"

"கொட்டையைக்கூட விடலை."

"இந்தப் பெட்டி இனிமே ஆத்துக்குள்ள வரப்படாது," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த நீலப் பெட்டி இப்போது தலைவரின் படகில் இருக்கிறது. நான் உட்கார்ந்து உடைத்ததற்கு ஈடு. அதன் மேல் நான் உட்காரக் கூடாது என்பது மச்சானின் சட்டம்.

மறுநாள் வளைகாப்பு முடிந்து மகளை நொச்சிக்குப்பத்துக்கு அழைத்து வந்துவிட்டார்கள். பாவம், மீன் வாடைக்கு நடுவில்தான் அவள் தாய் வீடு. அதற்கு அடுத்த நாள் பிரதோஷம். காலையில் கூடத்தில் பளிச்சென்று ஒரு புதுப் பெட்டி இருந்தது. பாலுக்காக வாங்கியது, விலைச் சீட்டுகூடக் கிழிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து என் மனைவி எவர்சில்வர் டப்பாக்களை அதற்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். தயிர் சாதம், நார்த்தங்காய், இந்த முறை மாவடு பெரிய ஜாடியில்.

"இது சாமிக்கு வாங்கின பெட்டியாச்சே?" என்றேன்.

"அபிஷேகம் சாயங்காலம்தானே? அதுக்குள்ள போய்க் குடுத்துட்டு வந்துடுங்கோ. அவர் காத்துண்டு இருப்பார். அந்தப் பொண்ணால முடியாது."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு செருப்பை மாட்டினேன். பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

"இதுல என்ன வேணா வச்சிண்டு வாங்கோ. மேல மட்டும் உட்காராதேங்கோ."